குருக்களின் முன்சக்கரம்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் செல்வம் எனக்குப் போன் செய்தான். தல்லாகுளத்தில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த சைக்கிள் கடையில் இப்போது ரிப்பேர் பகுதி அவன் பொறுப்பு. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஆனாலும் சந்தேகம் வந்தால் என் நம்பரைத்தான் அழுத்துவான்.

“அக்கா, கடையில புதுசா ஒரு டேப்லெட் வச்சிருக்காங்க. ஆளோட எடை, உயரம், போற பாதை, இந்த மூணையும் தட்டுனா டயர் சைஸ் என்ன, காத்து எம்புட்டுன்னு அதுவே சொல்லிருது.”

“நல்லதுதானே. உனக்கு வேலை மிச்சம்.”

“பாதைங்கிற இடத்துல தாரு, சரளை, மண்ணுன்னு மூணுதான் இருக்கு. வந்திருக்கவரு நாகமலை அடிவாரத்துல முள்ளுக்காட்டுக்குள்ள போவேங்கிறாரு. நான் எதத் தட்ட?”

மண்ணைத் தட்டச் சொன்னேன். அது சொல்லும் அளவுக்கு மேல் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். பத்து நிமிடம் ஆயிற்று. வைக்கும்போது, “இதையெல்லாம் எழுதி வைங்கக்கா, எங்களுக்கு ஆகும்” என்றான். ஆனையூர் வீட்டில் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டேன். டயர் அளவுகளை எழுதத்தான் நினைத்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் நாகமலைக் குருக்கள் வந்து முன்னால் நின்றுகொண்டார். அவரைத் தள்ளிவிட்டு டயரைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நான் அந்தக் கடையில் சேர்ந்தது பில் போடுவதற்கு. வீல் கோட்டம் எடுக்கிற அண்ணன் மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்குவார். அந்த நேரத்தில் வருகிற சைக்கிள்களைத் திருப்பி அனுப்ப மனசு வராமல் நானே ஸ்போக் கம்பிகளை முறுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வருடம் நான் நேராக்கிய சக்கரங்கள் எல்லாம் முட்டை வடிவத்தில் போயின. மூன்றாம் வருடம் அண்ணன் வேறு கடைக்குப் போனார், பில் புத்தகத்தை வேறு ஒருத்தர் வாங்கிக்கொண்டார், நான் ரிப்பேர் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டேன். அதற்குப் பிறகு பத்து வருடம் ஒரே உரையாடல். வருகிறவர் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்பார். “நான்தான்” என்பேன். “இல்லம்மா, சைக்கிளுக்கு” என்பார்.

கிராவல் பைக் என்பது மதுரைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. பந்தய சைக்கிள்போல வளைந்த கைப்பிடி, ஆனால் அதைவிடப் பருமனான டயர். தார் ரோட்டிலும் போகும், சரளையிலும் போகும். முதலில் டாக்டர்கள் வாங்கினார்கள். பிறகு கோர்ட் பக்கத்து வக்கீல்கள். ஒவ்வொருவரும் வரும்போதே வீடியோ பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். வெளிநாட்டில் ஒருவர் பச்சைப் புல்வெளி நடுவே மெல்லிய டயரில் பறக்கிறார், அதே டயர் வேண்டும் என்பார்கள். அந்த ஊரில் சீமைக்கருவேலம் இல்லை என்பதை நாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எடுத்துச் சொல்கிற வேலையை ஒரு சட்டமாகவே ஆக்கியவர் பூங்கொடி மேடம். முதலாளியின் மருமகள், கோயம்புத்தூர்க்காரர். அங்கே ஒரு பம்ப் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருந்தவர். கல்யாணமாகி வந்து சில மாதங்களில் கடையை ஏற்றுக்கொண்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு செய்தவரைத் திட்ட மாட்டார். அவர் முகத்தைப் பார்த்து, “அப்படிங்களா” என்று ஒரு தடவை சொல்வார். அந்த ‘அப்படிங்களா’வை வாங்கியவர்கள் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

டயர் கேட்டு வருகிறவருக்கு மேடம் மூன்று காரியம் வைத்திருந்தார். முதலாவது தராசு. அரிசி மூட்டை நிறுக்கிற பழைய மேடைத் தராசு ஒன்றை வாங்கி வாசலிலேயே போட்டிருந்தார். ஆள் தனியாக ஏறக் கூடாது. ஷூ, பை, தண்ணீர் பாட்டில், பூட்டு, சங்கிலி என்று சைக்கிளில் என்னவெல்லாம் ஏறுமோ அத்தனையோடும் ஏற வேண்டும். “டயருக்கு நீங்க வேற, உங்க பை வேறன்னு தெரியாதுங்க” என்பார்.

இரண்டாவது மண். எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்களோ அங்கிருந்து ஒரு பொட்டலம் மண் கொண்டுவர வேண்டும். அவர் அதை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார். செம்மண்ணா, கரிசலா, முள் இருக்கிறதா என்று எழுதிக்கொள்வார். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் சைக்கிளைக் காட்டாமல் பொட்டலத்தை மட்டும் கொடுத்துவிட்டு, “வீட்டுக்காரம்மா ஜாதகமும் வேணுமா?” என்று கேட்டார்.

மூன்றாவது ஆலன் சாவி, அறுகோணக் கம்பியை வளைத்துச் செய்த சாவி. டயரை மாட்டிய பிறகு ஆறு எம்எம் சாவியை டயருக்கும் பிரேமுக்கும் நடுவில் விட்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் உரசாமல் போக வேண்டும். உரசினால் டயர் அந்தச் சைக்கிளுக்குப் பெரிது. மழை பெய்த கரிசலில் ஒரே ஒரு தடவை ஓட்டினால் இதன் அருமை தெரியும். மண் டயரில் ஒட்டி, அப்பி, பிரேமுக்குள் புகுந்து சக்கரத்தையே நிறுத்திவிடும். பிறகு சைக்கிள் நம்மைத் தூக்காது, நாம்தான் அதைத் தூக்க வேண்டும்.

தராசில் ஏற மாட்டேன் என்று ஒருவர்தான் அடம் பிடித்தார். வக்கீல், பெயர் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். “எண்பதுன்னு எழுதுங்கம்மா. கோர்ட்டுலயே என் வார்த்தைய யாரும் நிறுத்துப் பாத்ததில்ல” என்றார். மேடம் தலையாட்டினார். எண்பது கிலோவுக்கான காற்றை அடிக்கச் சொன்னார். பில்லின் கீழே, ‘எடை: வாடிக்கையாளர் சொன்னபடி’ என்று எழுதினார். நான்காம் நாள் வக்கீல் வந்தார். பின்சக்கர ரிம் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. நேராகப் போய்ச் செருப்போடு தராசில் ஏறி நின்றார். நூற்று நான்கு. தீர்ப்பு வாசிக்கப்படுகிறவர் மாதிரி கைகட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

இந்த வக்கீல் விஷயத்தில் விழுந்து விழுந்து சிரித்தவள் நான். அதே தப்பை நானே செய்தேன்.

சாம்பமூர்த்தி குருக்கள் நாகமலை புதுக்கோட்டையில் இருப்பவர். கீழக்குயில்குடிக்கு அந்தப் பக்கம், சமணர் மலையைத் தாண்டி மூன்று ஊர்களில் மூன்று சின்னச் சிவன் கோயில்கள், மூன்றுக்கும் அவர்தான் பூஜை. பழைய மொபெட் ஒன்று வைத்திருந்தார், அது உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை ஏறுகிறது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பெங்களூரில் இருக்கும் மகன் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து ஒரு கிராவல் பைக்கை ஆன்லைனில் வாங்கி, பெட்டியோடு எங்கள் கடைக்கு அனுப்பிவிட்டான்.

குருக்கள் ஐந்தடி ஒரு அங்குலம். பிரேமில் ஆகச் சிறியது அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. சக்கரம் எழுநூறு. எழுநூறு என்பது பெயர்தான், எந்த அளவுகோலை எங்கே வைத்துப் பார்த்தாலும் எழுநூறு வராது. பெரிய சக்கரம் என்று புரிந்துகொண்டால் போதும். அதில் முப்பத்திரண்டு எம்எம் டயர், வழவழவென்று. வீடியோ டயர்.

அன்று மேடம் உள்ளே கணக்கரோடு இருந்தார். குருக்கள் குளித்து, குடுமி ஈரம் காயாமல், விபூதி பூசி, சுத்தமான வேஷ்டியில் நின்றார். தராசில் அப்போதுதான் ஒருவர் சேற்று ஷூவோடு ஏறி இறங்கியிருந்தார். இவரை அதில் ஏறச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

“சாமி எடை எம்புட்டு இருப்பீங்க?”

“அறுபது இருப்பேன்மா.”

அறுபது என்று எழுதினேன். மண்ணும் கேட்கவில்லை. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டிச் சைக்கிளைக் கொடுத்தேன். அவர் வாசலில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு, “குதிரை மாதிரின்னா இருக்கு” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் நாள் திரும்பி வந்தார். ஏழு பஞ்சர். ஒவ்வொன்றுக்கும் ஒரு முள்ளை எடுத்து ஒரு தாளில் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். ஆறு சீமைக்கருவேலம், ஒன்று நெருஞ்சி. இரண்டு நாள் உச்சிக்கால பூஜைக்குப் பிந்திப் போயிருக்கிறார்.

நான் டயரை மாற்றினேன். நாற்பது எம்எம், மேலே கட்டி கட்டியாகப் பூ வைத்தது. டியூப் இல்லாமல், டயருக்குள்ளேயே வெள்ளையாக ஒரு திரவத்தை ஊற்றிக் காற்றடைக்கிற முறை. முள் குத்தினால் அந்தத் திரவம் ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துவிடும். நான் ஊற்றுவதைக் குனிந்து பார்த்த குருக்கள், “டயருக்கும் பாலாபிஷேகம் உண்டா?” என்று கேட்டார். முள் குத்தினால் உடனே பிடுங்கக் கூடாது, குத்திய இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பிடுங்கி, அப்படியே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். “அதுக்கு ஒரு மந்திரம் சொல்ற நேரம் போதுமா?” என்றார். போதும் என்றேன். கல்லில் உதறாமல் இருக்கட்டும் என்று அறுபது கிலோவுக்கு ஏற்ப முன்சக்கரத்தில் காற்றைக் குறைத்தும் வைத்தேன். ஆலன் சாவி முன்னால் தாராளமாகப் போயிற்று, பின்னால் நூலிழையில் போயிற்று. எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அதற்குப் பின் ஒரு மாதம் சத்தமில்லை. நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிரதோஷ நாள் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. குருக்கள் முன்சீட்டிலிருந்து இறங்கினார். வலது கால் கட்டைவிரலில் பெரிய கட்டு. பின்னால் சைக்கிள் படுத்திருந்தது, முன்சக்கர ரிம் ஓரிடத்தில் கிண்ணம்போல் உள்ளே போயிருந்தது.

“என்ன சாமி இது?”

“முந்தாநாள் கோயில் வாசல்ல திரும்பினேன்மா. கமிட்டிக்காராள்லாம் வேப்பமரத்தடியில உக்காந்திருக்கா. கால் போய் முன்சக்கரத்துல இடிச்சுது. ஹேண்டில் திரும்பல. அப்படியே சாஞ்சேன். தயிர்சாதம், பால், எண்ணெய் எல்லாம் மேல. அபிஷேகம் சுவாமிக்கு முன்னாடி எனக்கு ஆயிடுத்து.”

செல்வம் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன நடந்தது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. சிறிய பிரேமில் பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடைவெளி ஏற்கெனவே கம்மி. நான் பருமனான டயரைப் போட்டபோது சக்கரம் எட்டு எம்எம் அவர் காலை நோக்கி வளர்ந்துவிட்டது. நேராகப் போகும்போது தெரியாது. மெதுவாகத் திரும்பும்போது கால்விரல் டயரில் முட்டும். போதாததற்கு, அவர் போட்டிருந்தது மகன் விட்டுப்போன ரப்பர் செருப்பு, ஒரு சைஸ் பெரிது. ஆலன் சாவியைப் பிரேம் முழுக்க விட்டுப் பார்த்த நான் அவர் காலைப் பார்க்கவில்லை.

“ரிம் எப்படி நசுங்குச்சு?”

“நேத்து கண்மாய்க் கரையில ஒரு கல்லு.”

“காத்து அடிச்சுக் கொடுத்தேனே சாமி. அறுபது கிலோவுக்கு அது போதுமே.”

“நான் அறுபதுதான்மா. சாமான் இருக்கே.”

அப்போதுதான் சாமானைப் பார்த்தேன். லோடு ஆட்டோவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்தது. கைப்பிடிக்கு முன்னால் அவரே மாட்டிக்கொண்டு, இப்போது கழற்றி வைத்திருந்த கம்பிக் கூடை, அதில் பித்தளைக் குடம், நைவேத்தியத் தூக்கு மூன்று, எண்ணெய் டின், பூக்கூடை, கற்பூர டப்பா, மணி. அத்தனையும் முன்சக்கரத்தின் தலையில். நான் காற்றைக் குறைத்து வைத்த முன்சக்கரம்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கமிட்டித் தலைவர் பெரியகருப்பன் நேற்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். “சாமி, நீங்க வர்றது பன்னெண்டே முக்கா. அதுவரைக்கும் உள்ள இருக்கவருக்குப் பசிக்காதா?” என்று கேட்டிருக்கிறார். இன்று பிரதோஷம். நாலரைக்குப் பூஜை ஆரம்பிக்க வேண்டும். இன்றும் பிந்தினால் குருக்களின் பெரியப்பா மகனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

“இன்னைக்கு மட்டும் ஆட்டோல போயிருங்களேன் சாமி.”

“மூணு கோயில்மா. கண்மாய்க் கரையில ஆட்டோ வராது. ரோட்டைச் சுத்திண்டு போனா முதல் கோயிலை முடிச்சு மூணாவதுக்கு வர ராத்திரியாயிடும்.” பிறகு கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “மோட்டார் சைக்கிள் நேக்கும் ஓட்டத் தெரியும். பிள்ளை ஆசையா வாங்கிக் கொடுத்தது. இது வேண்டாம்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

தீர்வு எனக்குத் தெரியும். இதே பிரேமில் அறுநூற்றைம்பது சக்கரத்தை மாட்டலாம். அதுவும் பெயர்தான், எழுநூறைவிடச் சின்னது என்று அர்த்தம். அதில் நாற்பத்தேழு எம்எம் பருமனில் டயர் போட்டாலும் மொத்த உயரம் அவர் முதலில் கொண்டுவந்த சக்கரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கால் முட்டாது. டயருக்குள் காற்று நிறைய இருப்பதால் குடத்தையும் தாங்கும். டிஸ்க் பிரேக் என்பதால் சக்கரம் சின்னதானாலும் பிரேக் பிடிக்கும். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சக்கரம் எங்கள் கிடங்கில் இல்லை. சொல்லி வரவழைக்கப் பத்து நாள் ஆகும்.

மதுரையில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. அது கடைச் சுவரில், மேடத்தின் மேஜைக்கு நேர் மேலே, அவருடைய சொந்த கிராவல் பைக்கில் மாட்டியிருந்தது. சாம்பல் நிற பிரேம், அதில் கையால் கோத்த அறுநூற்றைம்பது சக்கரங்கள், நாற்பத்தேழு டயர்.

மேடம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முகூர்த்த நேரம்.

செல்வம் என் பார்வை சுவருக்குப் போவதைக் கவனித்துவிட்டான். “அக்கா, வேணாம். அதத் துடைக்கவே தனித் துணி வச்சிருக்காங்க.”

“ஸ்டூலை எடு.”

“அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைக.”

“நான்தான் கழட்டுறேன். நீ ஸ்டூலை மட்டும் பிடி.”

இறக்கிய பிறகு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. டயருக்குள் ஊற்றியிருந்த திரவம் காய்ந்து தோலாகக் கிடந்தது. டயரின் மேல் புது ரப்பருக்கே உரிய சின்னச் சின்ன முடிகள் ஒன்றுகூட உதிரவில்லை. அவசரத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. தோலை உரித்தெடுத்துவிட்டுப் புதுத் திரவம் ஊற்றினேன். குருக்களின் பின்சக்கரப் பல்சக்கரத்தையும் பிரேக் தட்டுகளையும் கழற்றி இதில் பூட்டினேன். பிரேக் உரசியது, அரை மணி நேரம் மல்லுக்கட்டி நகர்த்தினேன். ஆலன் சாவி நான்கு இடத்திலும் தடையில்லாமல் போயிற்று.

பிறகு அவரைச் சீட்டில் உட்காரவைத்து, செல்வத்தைப் பின்னால் பிடிக்கச் சொல்லி, அந்தப் பெரிய செருப்போடு பெடலைத் திருப்பச் சொன்னேன். நான் தரையில் படுத்துக்கொண்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினேன். செருப்பு நுனிக்கும் டயருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போயிற்று.

கடைசியாகத் தராசு. ஒரு துணியை நனைத்து மேடையை நன்றாகத் துடைத்துவிட்டு, எப்படிக் கேட்பது என்று நின்றேன்.

“ஏறணுமா?” என்றார் அவரே. “அன்னைக்கே சொல்லியிருக்கப்படாதா? துலாபாரம்னா எங்களுக்குப் புதுசா என்ன?”

குடம், தூக்கு, டின், மணி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஏறினார். எழுபத்தேழு. பதினேழு கிலோவை நான் ஒரு மாதம் முன்சக்கரத்துக்குத் தெரியாமல் ஏற்றியிருக்கிறேன். குடத்தையும் டின்னையும் பின்னால் ஒரு கேரியர் போட்டு மாற்றிக் கட்டினேன். இரண்டு சக்கரத்துக்கும் காற்றைக் கூட்டி வைத்தேன். மணி பன்னிரண்டரை. அவர் தல்லாகுளத்துப் பேருந்துகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டே போவதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பூஜை மணிதான், சைக்கிள் மணி இல்லை.

அன்று சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். எட்டு மணிக்கும் அப்படித்தான்.

மறுநாள் காலை மேடம் வந்தார். கைப்பையை மேஜையில் வைத்தார். நிமிர்ந்து, சுவரில் சக்கரம் இல்லாமல் தொங்கிய பிரேமைப் பார்த்தார்.

“சரோஜாக்கா, நான் ரெண்டு நாள் ஊர்ல இல்லீங்க. அதுக்குள்ள என் சைக்கிள் இப்படி மெலிஞ்சு போயிருக்குதுங்களே.”

எல்லாவற்றையும் சொன்னேன். தராசில் ஏற்றாதது, மண் கேட்காதது, நாற்பது டயர், கால், குடம், ஸ்டூல். ஸ்டூலைப் பிடித்தது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் “அப்படிங்களா” வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அவரு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாருங்களா?”

“தெரியல மேடம். போன் போகல.”

“வண்டில ஏறுங்க.”

 கீழக்குயில்குடி தாண்டி, தார் முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் கண்மாய்க் கரையில் நடந்தோம். வழியெல்லாம் கருவேல முள். மேடம் நடக்கும்போதே குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துப் பார்த்தார். நான் கேட்காமல் விட்ட மண். பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

கோயில் வாசலில் வேப்பமரத்தடியில் சைக்கிள் சாத்தியிருந்தது. ஹேண்டிலில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. முன்சக்கர டயரிலும் மூன்று பட்டையாக விபூதி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், பெரியகருப்பன் அவர்தான். சைக்கிள் கடையிலிருந்து வருகிறோம் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க தாயி. நேத்து சாமி நாலு மணிக்கே வந்து நின்னுட்டாரு.”

எனக்கு மூச்சு வந்தது.

“கோயில் சாவி எங்கிட்ட. நான் வயல்ல மோட்டாரு ஓடலன்னு நின்னுட்டு நாலே முக்காலுக்கு வாரேன். மொத்த ஊரும் வாசல்ல நிக்குது. சாமி என்னப் பாத்து, ‘உள்ள இருக்கவருக்குப் பசிக்காதா’ன்னு கேக்குறாரு. எங்க போயி மூஞ்சிய வைக்க?”

குருக்கள் பூஜை முடித்து வெளியே வந்தார். பிரதோஷக் கூட்டத்தில் போனை அணைத்தவர் போடவே மறந்திருக்கிறார். மேடத்தைக் கண்டதும் பதறினார். “அம்மா, உங்க சக்கரம்னு கிளம்பறச்சே செல்வம் சொல்லித்தான் தெரிஞ்சுண்டேன். பத்து நாள்ல திருப்பித் தந்துடறேன்.”

மேடம் அவரைச் செருப்போடு சீட்டில் ஏற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து செருப்புக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். பின்கேரியரைக் குலுக்கினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார். எழுந்து, “இது இங்கயே இருக்கட்டுங்க சாமி” என்றார். “இது ஓட வேண்டிய சக்கரமுங்க.”

சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். காரில் ஏறியதும் நானே பேச்சை எடுத்தேன்.

“மேடம், கோவம்தானே?”

“கோவந்தாங்க்கா. எடை போடாம விட்டீங்க பாருங்க, அதுக்கு.”

“வீலைக் கழட்டுனதுக்கு?”

வண்டியைக் கிளப்பினார். பிறகு, “அந்த டயர்ல முடி இருந்துதுங்களா?” என்று கேட்டார்.

“இருந்துச்சு. ஒண்ணுகூட உதிரல.”

“எப்படிங்க உதிரும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சின்ன வயதில் வீட்டில் விடவில்லை, அப்புறம் கூச்சம், அப்புறம் சைக்கிள் கடைக்கே எஜமானி ஆகிவிட்டார், இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று விட்டுவிட்டார். எல்லாவற்றையும் அளந்து படித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் கேட்பார்களே என்று ஒரு நல்ல சைக்கிளைத் தனக்கென்று பூட்டவைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டார். மாட்டி நான்கு வருடம். மதுரையில் பாதிப் பேருக்கு டயர் சொன்னவர்.

சிரிக்கக் கூடாது என்று பொங்கலை வாய் நிறையப் போட்டுக்கொண்டேன். பைபாஸ் வரை தாங்கினேன். முந்திச் சிரித்தது அவர்தான்.

சொல்லிவிட்ட ரிம் வந்ததும் ஒரு வாரம் முழுக்க நான் அவருக்குப் புது ஜோடிச் சக்கரம் கோத்தேன். அதுதான் எனக்குத் தண்டனை என்று கடையில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் விடிந்ததும் அவர் அந்தச் சைக்கிளைக் காரில் போட்டுக்கொண்டு ஆனையூருக்கு வந்துவிடுவார். எங்கள் தெருவுக்குப் பின்னால் பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் பெரிய இடம் உண்டு. கடை ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். முதல் ஞாயிறு அவர் நான்கு தடவை விழுந்தார். ஒவ்வொரு தடவையும் எழுந்து, எத்தனை அடி ஓடியது என்று காலால் அளந்தார். இரண்டாவது ஞாயிறு ஒரு தடவைதான் விழுந்தார், ஆனால் என்மேல்.

மூன்றாவது ஞாயிறு நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாதி தூரத்தில் கையை விட்டேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். பிளாட் கல்லுகளைத் தாண்டினார், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினார், சரளை ரோட்டில் ஏறினார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஓடினேன். நிறுத்தச் சொல்லிக் கொடுத்தோமா என்பதே எனக்கு மறந்துவிட்டது.

“மேடம், பிரேக்கைப் பிடிங்க. ரெண்டு கையிலயும் பிடிங்க.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“பிடிக்க மனசு வரலீங்க்கா.”